வினைவேகத்தை அளக்க நான்கு வழிகள்: கடலோரப் பள்ளிக்கு எது பொருந்தும்?

பிளஸ் டூ வேதியியலில் வேகவியல் பாடம் தொடங்கியதும் மாணவர்களும் புதிதாக வந்த ஆசிரியர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒரு வினையின் வேகத்தை நாமே அளந்து பார்க்க எந்த முறை நல்லது?" வாயுவைப் பிடிப்பதா, எடை குறைவதைப் பார்ப்பதா, தாளில் போட்ட குறி மறையும் நேரத்தைக் குறிப்பதா, பியூரெட் எடுத்துத் தரம் பார்ப்பதா (தெரிந்த செறிவுள்ள கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சமிருப்பதை அளப்பதா)? நான்குமே புத்தகங்களில் உள்ளவைதான். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நம் கரையோரப் பள்ளிகளில் இவை நான்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. காற்று, புழுக்கம், உப்புத் தண்ணீர் மூன்றும் கணக்கில் கை வைக்கும்.

என் கருத்து இது. கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன், கடைசியில் என்ன எண் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். சராசரி வேகமா, தொடக்க வேகமா, வினைவகையா (செறிவின் எந்த அடுக்குக்கு ஏற்ப வேகம் மாறுகிறது என்பது), வேக மாறிலி k-யா (செறிவையும் வேகத்தையும் இணைக்கும் எண்), கிளர்வு ஆற்றலா (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல்)? பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆய்வகத்தில் இருப்பதை எடுத்துச் செய்துவிட்டு, கிடைத்த எண்களை k சூத்திரத்தில் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு k வருகிறதே என்று குழம்புகிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

கிடைக்கும் எண். மேலே சொன்னதுதான் முதல் அளவுகோல். மற்றவை இதற்கு அடுத்துதான்.

வெப்பநிலை. 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று பாடத்தில் படிக்கிறோம். அதன்படி 1 டிகிரிக்கே சுமார் 7 சதவீதம் மாறும். காலை 28 டிகிரியில் ஒரு சுற்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 33 டிகிரியில் இன்னொரு சுற்று என்றால் வேகம் 40 சதவீதம் கூடியிருக்கும். அதைச் செறிவின் விளைவு என்று எழுதிவிடுவோம். எந்த முறையானாலும் பக்கெட் நிறையத் தண்ணீர் வைத்து அதில் குடுவையை நிறுத்தி வையுங்கள். பக்கெட் தண்ணீரின் வெப்பநிலை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

தண்ணீர். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உவர்நீர்தான். அதில் கரைந்த பைகார்பனேட், அமிலத்தில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும். குளோரைடு, பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் தொல்லை தரும். கரைசல்களுக்கெல்லாம் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரே போதும். இந்தச் செலவை யாரும் முன்கூட்டிக் கணக்கில் எடுப்பதில்லை.

அளப்பது வினையைக் கலைக்கிறதா? 1850-இல் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர், அமிலத்தில் சர்க்கரை உடையும் வேகத்தை அளந்தார். கரைசலைத் தொடவே இல்லை. அதனூடே போன முனைவாக்கப்பட்ட ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று மட்டும் பார்த்தார். நம்மிடம் அந்தக் கருவி இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையிடமும் கேட்க வேண்டும்.

அப்புறம் பாதுகாப்பு, பாடவேளையின் நீளம். முழு ஒப்பீடு இதோ:

| | வாயுக் கன அளவு | எடைக் குறைவு | குறி மறைதல் | தரம்பார்த்தல் |
|---|---|---|---|---|
| உகந்த வினை | சிப்பி ஓடு + அமிலம். ஹைட்ரஜன் பெராக்சைடு | சிப்பி ஓடு + அமிலம் | ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) + அமிலம் | பெராக்சைடு. மெத்தில் அசிட்டேட் |
| கிடைப்பது | சராசரி வேகம், கண வேகம் (அந்தந்த நொடியின் வேகம்) | சராசரி வேகம், கண வேகம் | ஒப்பு வேகம், வினைவகை, கிளர்வு ஆற்றல் | k, அரைவாழ்காலம் (பாதி தீர ஆகும் நேரம்), வினைவகை |
| கிடைக்காதது | சிப்பி என்றால் நம்பகமான k | அதுவே | உண்மையான அலகுள்ள வேகம் | முதல் சில நொடிகளின் வேகம் |
| ஒரு சுற்றுக்கு நேரம் | சில நிமிடம் | சில நிமிடம் | ஒரு நிமிடம் முன்பின் | ஒரு மணி நேரம் |
| மறைந்திருக்கும் செலவு | கரைந்து போகும் வாயு | காற்று, தராசு | கண், கந்தக டை ஆக்சைடு | வடிநீர், பொறுமை |

## வாயுவைப் பிடிப்பது

நம் கரைக்கு மிக இயல்பான சோதனை இது. மட்டி ஓடோ சிப்பி ஓடோ சமையலறைக் கழிவாகவே கிடைக்கும்; பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டை மட்டும் எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் ஓரத்தில் இருந்துகொண்டு அறிவியல் கண்காட்சியில் அதை வைப்பது வீண் வம்பு.

ஓட்டைக் கழுவி, வெயிலில் காய வைத்து, உரலில் இடித்து, மாவுச் சல்லடையில் சலியுங்கள். சலித்துக் கீழே விழுந்த தூள் வேண்டாம். ஓட்டில் கொஞ்சம் புரதம் உண்டு. தூளை அமிலத்தில் போட்டால் நுரை பொங்கிக் குழாய்க்குள் ஏறிவிடும். மேலே தங்கிய நொய் அளவுத் துண்டுகளே நல்லவை. ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் பயன்படுத்த வேண்டும். கந்தக அமிலம் ஊற்றினால் கால்சியம் சல்ஃபேட் ஓட்டின்மேல் படிந்து மூடி, வினை பாதியிலேயே நின்றுவிடும்.

எவ்வளவு போடுவது? 30 டிகிரியில் 1 மோல் வாயு சுமார் 24.9 லிட்டர் இடம் பிடிக்கும். 1 கிராம் கால்சியம் கார்பனேட் 0.01 மோல், அதிலிருந்து சுமார் 249 மி.லி. கார்பன் டை ஆக்சைடு வரும். 100 மி.லி. அளவுசாடியைக் கவிழ்த்து வைத்திருந்தால் 0.3 கிராம் போதும், 75 மி.லி.யில் முடிந்துவிடும். 1 கிராம் போட்டால் பாதி வினை முடியும் முன்பே சாடி நிறைந்துவிடும்.

இந்த முறையில் இரண்டு இடத்தில் வாயு களவு போகும். ஒன்று, தக்கையை மூடும் முன் தப்பிப்போவது. வேகம் உச்சத்தில் இருக்கும் அந்த இரண்டு மூன்று நொடிதான் தொடக்க வேகத்தைச் சொல்ல வேண்டியது. இதற்கு ஒரு வழி உண்டு: ஓட்டுத் துண்டுகளைச் சிறு சோதனைக்குழாயில் போட்டு, அதைக் கூம்புக் குடுவைக்குள் நிமிர்த்தி வையுங்கள். குடுவையில் அமிலம் இருக்கட்டும். தக்கையை மூடி, கடிகாரத்தை அழுத்தி, பிறகு குடுவையைச் சாய்த்தால் ஓடு அமிலத்தில் விழும்.

இரண்டாவது களவு பெரியது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் நன்றாகக் கரையும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் அரை லிட்டருக்கும் அதிகமாகவே விழுங்கக்கூடியது. ஆகவே வாயுவைச் சாதாரணத் தண்ணீருக்கு மேல் பிடிக்கக் கூடாது. வாலிநோக்கம் உப்பளத்து உப்பைக் கரையும் மட்டும் கரைத்து, அந்தக் கரைசலுக்கு மேல் பிடியுங்கள். உப்பு நிறைந்த நீரில் வாயு குறைவாகவே கரையும். "கடல்தண்ணீரே உப்புதானே, அதையே ஊற்றலாமே" என்று தோன்றும். கூடாது. கடல்நீர் சற்றே காரத்தன்மை உள்ளது. அதில் உள்ள கார்பனேட் அயனிகள் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து பைகார்பனேட் ஆகிவிடும். குடுவையில் உள்ள அமிலமும் வாயுவைக் கரைக்கும். சோதனைக்கு முன்பே அதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு வாயுவால் நிறைத்து வைத்தால் இந்த இழப்பு குறையும்.

கணக்கு எப்படி? எடுத்துக்காட்டுக்கு, 50 மி.லி. அமிலத்தில் முதல் 20 நொடியில் 22 மி.லி., 80-க்கும் 100-க்கும் இடையில் 5 மி.லி. வந்ததாக வையுங்கள். முதல் கட்டச் சராசரி வேகம் நொடிக்கு 1.1 மி.லி.; கடைசிக் கட்டத்தில் 0.25 மி.லி. 1.1-ஐ 24,900-ஆல் வகுத்தால் நொடிக்கு 4.4 × 10⁻⁵ மோல் கார்பன் டை ஆக்சைடு. ஒரு மோல் வாயுவுக்கு இரண்டு மோல் அமிலம் செலவாவதால், அமிலம் குறையும் வேகம் 8.8 × 10⁻⁵ மோல். 0.05 லிட்டரால் வகுத்தால், அமிலச் செறிவு நொடிக்கு 1.8 × 10⁻³ மோல்/லிட்டர் குறைகிறது. வினைவேகம் அதில் பாதி. இந்தப் பாதியை மறப்பதால் தேர்வில் போகும் மதிப்பெண் கொஞ்சநஞ்சமல்ல.

இந்த எண்களிலிருந்து k கண்டுபிடிக்கப் போகாதீர்கள். ஓடு திடப்பொருள்; வினை அதன் மேற்பரப்பில்தான் நடக்கிறது. ஓடு கரையக் கரைய மேற்பரப்பு சுருங்கும், கூடவே அமிலமும் குறையும். செறிவை மட்டும் வைத்து எழுதிய முதல்வகைச் சூத்திரம் இங்கே பொருந்தாது. வரைபடம் வரைந்து தொடுகோடு போட்டு, கண வேகம் எப்படிக் குறைகிறது என்று காட்ட இதைவிட நல்ல சோதனை கிடையாது. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

k-யும் வேண்டும், வாயுவும் பிடிக்க வேண்டும் என்றால் சிப்பிக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு எடுங்கள். மருந்துக் கடைப் புட்டியில் '10 வால்யூம்' என்று இருந்தால் அது 3 சதவீதக் கரைசல், 5 மி.லி.யிலிருந்து சுமார் 50 மி.லி. ஆக்சிஜன் வரும். ஆக்சிஜன் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரைவதால் களவுப் பிரச்சினையும் இல்லை.

## எடை குறைவதைப் பார்ப்பது

அதே சிப்பி, அதே அமிலம். குடுவையைத் தராசில் வைத்துவிட்டு, வெளியேறும் வாயுவின் எடையைப் படிப்பது. பார்க்க இதுதான் எளிது: தக்கை வேண்டாம், குழாய் வேண்டாம், உப்புக் கரைசல் வேண்டாம்.

ஆனால் 1 கிராம் ஓட்டுக்கு வெளியேறுவது வெறும் 0.44 கிராம். 0.1 கிராம் வரை மட்டும் காட்டும் தராசில் நான்கே படிகள்தான் தெரியும். அதை வைத்து வரைபடம் வரைய முடியாது. 0.01 கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும். குடுவையும் அமிலமும் சேர்ந்து 100 கிராமைத் தாண்டும் என்பதால் 200 கிராம் தாங்கும் தராசாகப் பாருங்கள். ஓட்டை 3 கிராமாகக் கூட்டி, 2 மோலார் அமிலம் 50 மி.லி. ஊற்றினால் 1.3 கிராம் வரை குறையும்.

நம் ஊரில் இதற்கு எதிரி காற்று. கச்சான் அடிக்கும் மாதங்களில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஜன்னல் திறந்திருந்தால் தராசின் கடைசி இலக்கம் நிலைகொள்ளாது. ஜன்னலைச் சாத்தி மின்விசிறியையும் நிறுத்தினால் வகுப்பறை புழுங்கும், வெப்பநிலை ஏறும். அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் தராசுக்கு மேல் கவிழ்ப்பது மலிவான தீர்வு. குடுவை வாயில் பஞ்சு வையுங்கள். இல்லையென்றால் தெறிக்கும் அமிலத் துளியின் எடையும் வாயுக் கணக்கில் சேர்ந்துவிடும்.

தராசு ஏற்கெனவே இருக்கிறது, காற்றை அடக்க முடியும் என்றால் வாயு முறையைவிட இது மேல். வாயு கரைகிற தொல்லை இங்கேயும் உண்டு, ஆனால் அமிலத்தில் மட்டும்தான். தராசு இல்லையென்றால் இதற்காகவே ஒன்று வாங்கச் சொல்ல மாட்டேன். உப்புக் காற்றில் அதன் ஆயுளும் குறைவு.

## குறி மறையும் நேரம்

தாளில் ஒரு பெருக்கல் குறி. அதன்மேல் பீக்கர். சோடியம் தயோசல்ஃபேட், அதாவது ஹைப்போ கரைசலில் அமிலம் ஊற்றினால் கந்தகம் மெல்லப் பிரிந்து கலங்கும். குறி மறையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. செய்முறைப் பட்டியலிலும் இது உண்டு. இறால் பண்ணைகளில் நீரிலுள்ள குளோரினை நீக்கப் பயன்படுவதும் இதே ஹைப்போதான்.

ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு கந்தகம் சேர்ந்ததும் குறி மறைகிறது. அதனால் 1/t வேகத்துக்கு நேர்விகிதம். ஹைப்போ முழுச் செறிவில் 30 நொடி, பாதிச் செறிவில் 61 நொடி என்றால் வேக விகிதம் 61/30. log(61/30)-ஐ log 2-ஆல் வகுத்தால் 0.308/0.301 = 1.02. ஆகவே ஹைப்போவைப் பொறுத்து வினைவகை 1. இரண்டே நேரங்களில் வினைவகை கையில். ஆனால் இந்த 1/t-க்கு மோல்/லிட்டர்/நொடி என்று அலகு போடக் கூடாது. இது ஒப்பு வேகம்தான்.

ஒரே பீக்கர், ஒரே மொத்தக் கன அளவு, ஒரே ஆளின் கண் என்பது கட்டாயம். கரைசலின் ஆழம் மாறினாலே நேரம் மாறிவிடும்.

வெப்பநிலையின் விளைவைக் காட்ட இதுவே முதல் தேர்வு. புத்தகம் சூடாக்கச் சொல்லும். நான் குளிர்விக்கச் சொல்வேன். நம் அறை வெப்பநிலையே 30-ஐத் தாண்டுகிறது. அதற்கு மேல் சூடாக்கினால் வினை சட்டென முடிந்து நேரம் எடுப்பது சிரமம், கந்தக டை ஆக்சைடும் மூக்கைத் துளைக்கும். மீன்பிடித் துறைமுகத்தில் உடைத்த ஐஸ் வாங்கி, பக்கெட்டில் போட்டு 20 டிகிரிக்கு இறக்குங்கள். 20-இல் எடுக்கும் நேரம் 30-இல் எடுப்பதைப் போல் இரு மடங்கு என்றால்,

Eₐ = 2.303 × 8.314 × log 2 × (293 × 303)/10 ≈ 51,200 ஜூல்/மோல்

அதாவது 51 கிலோஜூல் சொச்சம். வெப்பநிலையைக் கெல்வினில் போட வேண்டும் என்பதை நினைவூட்டத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது 20, 30 என்றே போடுகிறார்.

மூச்சிரைப்பு உள்ள மாணவர் இருந்தால் இந்தச் சோதனையை ஜன்னலோரம் வையுங்கள், அவரைத் தள்ளி உட்கார வையுங்கள். முடிந்ததும் சலவைச் சோடாக் கரைசலில் ஊற்றி அமிலத்தைத் தணித்துவிட்டுக் கழுவுங்கள். கந்தகம் காய்ந்து ஒட்டிவிட்டால் பீக்கரைத் தேய்த்தே கை ஓய்ந்துவிடும்.

## தரம்பார்த்தல்

நான்கில் இதுதான் மெதுவானது. பெராக்சைடு வாயுவைப் பிடிப்பதை விட்டால், k தருவதும் இதுதான். பெராக்சைடில் கொஞ்சம் ஃபெரிக் குளோரைடு வினையூக்கி சேர்த்து, குறித்த நேரத்துக்கு ஒருமுறை பிப்பெட்டில் 5 மி.லி. எடுத்து, குளிர்ந்த நீர்த்த கந்தக அமிலத்தில் விட வேண்டும். குளிரிலும் அமிலத்திலும் வினை ஏறத்தாழ நின்றுவிடும். பிறகு பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கலாம். பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கை பழகிய வேலை. செலவாகும் கன அளவே மிச்சமிருக்கும் பெராக்சைடின் அளவு. மோலாரிட்டியாக மாற்றக்கூட வேண்டாம், விகிதம் போதும்.

மாதிரி எண்கள்: தொடக்கத்தில் 40.0 மி.லி., 10 நிமிடத்தில் 31.9, 20 நிமிடத்தில் 25.5.

k = (2.303/10) log(40.0/31.9) = 0.0226 நிமிடம்⁻¹
k = (2.303/20) log(40.0/25.5) = 0.0225 நிமிடம்⁻¹

இரண்டும் ஒட்டி வருவதே முதல்வகை வினை என்பதற்குச் சான்று. அரைவாழ்காலம் 0.693/0.0225, சுமார் 31 நிமிடம். இரண்டாம் k முதலாவதைவிட விலகிக்கொண்டே போனால் வகை வேறு, அல்லது பக்கெட் தண்ணீர் சூடாகிவிட்டது.

மெத்தில் அசிட்டேட் நீராற்பகுப்பை எடுத்தால் தண்ணீர் ஏராளம் என்பதால் போலி முதல்வகை (தண்ணீரின் செறிவு மாறாததுபோல் இருப்பதால் முதல்வகைபோல் நடக்கும்). பாடப்புத்தக உதாரணமே கண்முன் நடக்கும். ஆனால் அதற்குச் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். நம் ஈரக் காற்றில் அதன் வில்லைகள் திறந்த சில நிமிடத்திலேயே நசநசத்துவிடும். கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சும். முடிவிலிக் காலத்து அளவு (வினை முழுதும் முடிந்த பிறகு எடுக்கும் அளவு) என்று ஒன்றும் வேண்டும். அதற்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். நான் பெராக்சைடுப் பக்கம்.

ஒரே பாடவேளையில் முடியாது. இரட்டைப் பாடவேளையோ சனிக்கிழமையோ தேவை. ஒருவர் பிப்பெட், ஒருவர் பியூரெட், ஒருவர் கடிகாரம் என்று மூவர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

## யாருக்கு எது

பத்தாம் வகுப்புக்கோ கண்காட்சிக்கோ என்றால் சிப்பி ஓடும் வாயுவும். துண்டு, நொய், பெருநொய் என்று மூன்று அளவில் செய்தால் மேற்பரப்பின் விளைவு பார்ப்பவருக்குத் தானே புரியும்.

நாற்பது பேர் வகுப்பில், ஒரே பாடவேளையில் எல்லோரும் கை வைக்க வேண்டும் என்றால் குறி மறைதல். வேறு யோசனையே வேண்டாம்.

திட்டக் கட்டுரை எழுதும் பிளஸ் டூ மாணவர், நுழைவுத் தேர்வுக்கு k, அரைவாழ்காலம் கணக்குகளைப் புரிந்து போட நினைப்பவர், இருவருக்கும் தரம்பார்த்தல்.

சோதனையே செய்ய முடியாது, தேர்வுக் கணக்கு மட்டும் என்றால் தேர்வு வேறு மாதிரி: கேள்வியில் என்ன தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பல தொடக்கச் செறிவுகளும் அவற்றுக்கான தொடக்க வேகங்களும் அட்டவணையாக இருந்தால், ஒரு செறிவு மட்டும் மாறும் இரு வரிகளைப் பிடித்து வகுங்கள். ஒரே சுற்றில் நேரமும் செறிவும் இருந்தால் தொகைப்படுத்திய சமன்பாடு (மேலே k-க்குப் போட்ட log சூத்திரம் போன்றது). அரைவாழ்காலம் செறிவைப் பொறுத்து மாறவில்லை என்று ஒரு வரி இருந்தால் அது முதல்வகை, மேலே தேட வேண்டாம். ஒன்றுமே சொல்லாமல் k-யின் அலகை மட்டும் தந்திருந்தால் அதுவே விடை: நொடி⁻¹ என்றால் முதல்வகை, லிட்டர் மோல்⁻¹ நொடி⁻¹ என்றால் இரண்டாம் வகை, மோல் லிட்டர்⁻¹ நொடி⁻¹ என்றால் பூஜ்ய வகை. சமன்பாட்டின் கெழுவைப் பார்த்து வகையை எழுதுவது மட்டும் ஆகாது. 2N₂O₅ → 4NO₂ + O₂ என்பதில் முன்னால் 2 இருந்தும் அது முதல்வகை வினைதான்.